தையல் வேலை – தரம் 9



பதிவு கொஞ்சம் நீளம். ஆறுதலாக இருந்து வாசிக்கிறவர்களுக்காக எழுதுகிறேன்.

போன தவணை எங்கட பாடசாலையில் கண்காட்சி நடந்தது உங்களில் பலருக்குத் தெரியும். வந்து பார்த்த பெற்றோருக்கும் பழைய மாணவர்களுக்கும் நன்றி. அந்தக் கண்காட்சியில் நான் விட்ட ஒரு பிழையைப் பற்றித்தான் இந்தப் பதிவு. சின்னப் பிழை. யாரும் என்னிடம் விளக்கம் கேட்கவில்லை, ஒரு பிள்ளையைத் தவிர.

சித்திரப் பாடத்துக்கு தரம் 9 பிள்ளைகளோடு ஒரு வேலை செய்தோம். பழைய வெள்ளைப் பெட்ஷீட்டைக் கிழித்து, தண்ணீரில் நனைத்து, மேசையில் விரித்து, நன்றாக நீர்விட்டுக் கரைத்த அக்ரிலிக் வர்ணத்தைப் பூசினோம். ஈரம் காயமுதல் கல்லுப்புத் தூவினால், உப்பு கிடக்கும் இடத்துக்கு ஈரம் இழுபட்டு, வர்ணம் பூப்பூவாக விரியும். அதைப் பார்த்த பிள்ளைகள் உப்புச் சிரட்டையை கீழே வைக்கவே இல்லை. காய்ந்த பிறகு உப்பைத் தட்டிவிட்டு, பின்பக்கமாக ஸ்திரிக்கை போட்டு, வெட்டத் தொடங்கினோம்.

அங்கேதான் பிரச்சினை. அழகாக வந்த துணியை வெட்ட ஒருத்திக்கும் மனமில்லை. "டீச்சர், இது இப்படியே இருக்கட்டும்" என்று ஒருத்தி கெஞ்சினாள். வெட்டினால்தான் வேலை தொடங்கும் என்று சொல்லி ஒருமாதிரி வெட்டவைத்தேன். வெட்டின துண்டுகளை மாற்றி மாற்றி அடுக்கி, 12 அங்குலச் சதுரமாகப் பொருத்தி, மேலே வர்ணத்துணி, நடுவில் பழைய துவாய், கீழே ஒரு சீத்தைத் துணி என்று மூன்றையும் சேர்த்து, சின்னச் சின்னத் தையலாக ஓட்டினோம். வர்ணத்தைத் தண்ணீர் விடாமல் தடிப்பாகப் பூசினவர்களுக்கு ஊசி இறங்கவே இல்லை. துணி தோல் மாதிரி ஆகிவிட்டது. இரண்டு ஊசி முறிந்தது. கடைசியில் ஓரத்தை மடித்துத் தைத்து முடித்தபோது, பதினொரு சதுரங்கள் கையில் இருந்தன. இதற்கு ஆங்கிலத்தில் 'ஆர்ட் குவில்ட்' என்று பெயர். வீடு, மரம், பூ, மனிதர் ஒன்றும் இல்லை. நிறமும் கோடும் மட்டும்.

ஒரு வாப்பா வந்து மகளுடையதைப் பார்த்து, "இது என்ன மகள், என்ன படம்?" என்று கேட்டார். "படமில்ல வாப்பா, மழை வாறதுக்கு முந்தின நேரம்" என்றாள். அவர் தலையைச் சரித்துச் சரித்துப் பார்த்துவிட்டு, "ம்ம், சரிதான்" என்றார். எனக்கு அன்று முழுக்கச் சந்தோசம்.

இனி என் பிழை. கண்காட்சிக்கு முதல் நாள் இரவு அவசர அவசரமாக அட்டை எழுதினேன். சுவரில் மாட்டிய ஓவியங்களுக்குக் கீழே தலைப்பு, பிள்ளையின் பெயர், வகுப்பு எல்லாம் எழுதினேன். இந்தச் சதுரங்களை ஒரு மேசையில் பரப்பி, ஒரே ஒரு அட்டை வைத்தேன்: 'தையல் வேலை – தரம் 9'.

மாலையில் எல்லாரும் போன பிறகு, மழைக்கு முந்தின நேரத்தைத் தைத்த அந்தப் பிள்ளை வந்து மெதுவாகக் கேட்டாள். "டீச்சர், சித்திரத்துக்கெல்லாம் பேர் போட்டிருக்கீங்க. எங்கடதுக்கு ஏன் போடல்ல?"

இடம் போதாது என்று ஏதோ சொன்னேன். பொய். இடம் இருந்தது. சித்திரம் படித்த, சித்திரம் படிப்பிக்கிற என் மண்டைக்குள்ளேயே 'ஓவியத்துக்குப் பெயர் வேணும், தையலுக்குத் தேவையில்லை' என்று இருந்திருக்கிறது. யார் அதை எனக்குப் படிப்பித்தார்கள்? கலாசாலையில் சித்திர வரலாறு என்று நாங்கள் படித்தது சுவரும் கல்லும் கன்வஸும்தான். துணி அதில் வரவே இல்லை. வீட்டுக்கு வந்து தேடி வாசிக்கத் தொடங்கினேன். பாடப் புத்தகத்தில் இல்லாத பெண்கள் பலர் அகப்பட்டார்கள்.

முதலாவது ஆள் சோனியா டெலோனே. 1885இல் இன்றைய உக்ரேனில் ஓர் ஏழை யூதக் குடும்பத்தில் பிறந்தவர். சின்ன வயதிலேயே வசதியான மாமா ஒருவர் எடுத்து வளர்க்க, ரஷ்யாவின் சென் பீற்றர்ஸ்பேர்க் நகரில் வளர்ந்தார். ஜேர்மனியில் சித்திரம் படித்து, 1906 அளவில் பாரிஸுக்கு வந்தார். கணவர் ரொபர்ட் டெலோனேயும் ஓவியர். 1911 ஜனவரியில் இவர்களுக்கு ஒரு மகன் பிறந்தான்.

பிள்ளைக்குப் போர்வை வேணுமல்லவா? சோனியா துணித்துண்டுகளை எடுத்து, ஒன்றோடு ஒன்று பொருத்தித் தைத்தார். சின்ன வயதில் தங்கட ஊர்ப்பக்கத்துக் கமக்காரர் வீடுகளில் பார்த்த போர்வை மாதிரி ஒன்று செய்வோம் என்றுதான் நினைத்தார். ஒரு மீற்றரை விடச் சற்றே நீளமான துணி. சதுரம், முக்கோணம், சரிவாக வெட்டின துண்டுகள், கடும் பச்சைக்குப் பக்கத்தில் ரோஸ், கறுப்புக்குப் பக்கத்தில் மஞ்சள் கலந்த வெள்ளை. தைத்து முடித்துப் பார்த்தால், பாரிஸில் அந்த நேரம் எல்லாரும் வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்த கியூபிச ஓவியம் மாதிரி இருந்தது. அதற்குப் பிறகுதான் அதே முறையை ஓவியத்திலும் மற்றப் பொருட்களிலும் செய்துபார்த்தோம் என்று சோனியாவே பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

இந்த வரிசையைக் கவனியுங்கள். முதலில் போர்வை. பிறகுதான் கன்வஸ்.

உருவம் எதுவும் இல்லாத, நிறமும் வடிவமும் மட்டுமான ஓவியம் ஐரோப்பாவில் பிறந்தது என்று புத்தகங்கள் சொல்வதும் ஏறக்குறைய அதே ஆண்டுகளைத்தான். கண்டின்ஸ்கியின் பெயரை நாங்கள் எல்லாரும் பாடமாக்கினோம். அதே நேரத்தில் ஒரு தாய் பிள்ளையின் போர்வையில் அதைச் செய்துகொண்டிருந்தது எங்கட குறிப்பில் இல்லை. அந்தப் போர்வை இன்று பாரிஸின் பொம்பிடு நிலையத்தின் நவீன கலை அருங்காட்சியகத்துக்குச் சொந்தம். பிள்ளை சிறுநீர் கழித்திருக்கக்கூடிய ஒரு துணி, அருங்காட்சியகச் சொத்து! (உம்மாமார் சிரிக்கலாம்.)

சோனியா அதோடு நிற்கவில்லை. 1913இல் துண்டுத் துணிகளால் உடுப்புத் தைத்து உடுத்தார். ரஷ்யப் புரட்சியோடு அங்கிருந்து வந்த வாடகை வருமானம் நின்றுபோக, துணிக்கு வடிவமைத்து, உடுப்புக் கடை நடத்தி, அந்தக் காசில்தான் வீடு ஓடியது. கணவர் கன்வஸில் வரைந்தார், அவர் பெயர் ஓவியராகவே நின்றது. இவர் துணியில் வரைந்தார், 'அலங்காரக் கலைஞர்' என்று ஆனார். ரொபர்ட் 1941இல் இறந்துவிட்டார். 1964இல் லூவர் அருங்காட்சியகம் சோனியாவின் படைப்புகளைக் காட்சிக்கு வைத்தபோது அவருக்கு வயது எண்பதை நெருங்கியிருந்தது. உயிரோடு இருக்கும்போதே அங்கே அப்படி ஒரு கண்காட்சி கிடைத்த முதல் பெண் அவர். போர்வை தைத்து ஐம்பத்து மூன்று வருசம்.

அடுத்தது அமெரிக்கா. 1971இல் நியூயோர்க்கில் விட்னி அருங்காட்சியகத்தில் ஒரு கண்காட்சி நடந்தது. ஜொனதன் ஹோல்ஸ்டீன், கெயில் வான் டெர் ஹூஃப் என்ற இருவர், பழைய கமத்து வீடுகளிலும் ஏலங்களிலும் சேர்த்த குவில்ட் போர்வைகள் சுமார் அறுபதை எடுத்து, கட்டிலில் விரிப்பதுபோல் அல்லாமல், வெள்ளைச் சுவரில் நிமிர்த்தி மாட்டினார்கள். அந்த மாதிரி மாட்டினவுடன், பார்த்தவர்களுக்கு அது போர்வையாகத் தெரியவில்லை. 1960களில் நியூயோர்க்கின் பெரிய ஓவியர்கள் தீட்டிய பட்டை பட்டையான, கட்டம் கட்டமான ஓவியங்களாகத் தெரிந்தது. அவர்களுக்கு நூறு வருசம் முந்தி ஏதோ ஒரு கிராமத்துப் பெண் அதைச் செய்து முடித்திருந்தாள். பத்திரிகைகள் புகழ்ந்து எழுதின. சனம் வரிசையில் வந்தது. இன்று உலகத்தில் குவில்ட் என்றால் கலை என்று சொல்கிறார்களே, அந்தக் கதவு திறந்தது அங்கேதான் என்று பலர் சொல்கிறார்கள்.

ஆனால் சுவரில் இருந்த அட்டைகளில் பெரும்பாலும் ஊர் இருந்தது, காலம் இருந்தது, தைத்தவளின் பெயர் இல்லை. இதை வாசித்தபோது என் மேசையில் இருந்த அட்டைதான் ஞாபகத்துக்கு வந்தது. விட்னியும் நானும் ஒரே பிழைதான் செய்திருக்கிறோம். என்ன, எனக்கு மேசை, அவர்களுக்குச் சுவர்.

நியாயமாகப் பேசுவதென்றால், ஹோல்ஸ்டீனைக் குறை சொல்வது லேசு. ஏலத்தில் பத்துக் கை மாறி வந்த போர்வையைத் தைத்தது யார் என்று கண்டுபிடிப்பது எப்படி? ஆனால் பற்றீஷியா மைனார்டி என்ற ஓவியர் 1973இல் ஒரு பெண்ணியக் கலை இதழில் எழுதிய நீண்ட கட்டுரை வேறு விதமாகப் பார்த்தது. குவில்ட் தைத்த பெண்கள் எத்தனையோ பேர் தங்கட பெயரையும் திகதியையும் நூலாலேயே துணியில் போட்டிருக்கிறார்கள், தாங்கள் கலை செய்கிறோம் என்பது அவர்களுக்குத் தெரியும், தெரியாமல் செய்துவிட்டார்கள் என்று சொல்வது எங்கட வசதிக்கு என்பதுதான் அவர் வாதம். எனக்கு மைனார்டி பக்கம்தான் மனம் சாய்கிறது. 'அவளுக்கு அது கலை என்று தெரியாது, பாவம்' என்ற பேச்சில் ஒரு பெரிய மனிதத்தனம் இருக்கிறது. நிறத்துக்குப் பக்கத்தில் நிறம் வைத்துப் பார்த்து, சரிவராது என்று பிரித்து, திரும்பத் தைத்தவளுக்குத் தெரியாமல் யாருக்குத் தெரியும்?

இனி வாறவர்தான் எனக்கு மிகவும் பிடித்தவர். காரணம் அவரும் எங்களைப்போல ஆசிரியை.

ஃபெயித் ரிங்கோல்ட். 1930இல் நியூயோர்க் ஹார்லெமில் பிறந்த கறுப்பினப் பெண். ஆஸ்துமா நோயால் சின்ன வயதில் அடிக்கடி பாடசாலைக்குப் போகாமல், வீட்டில் தாயோடு இருந்து வரைந்தும் தைத்தும் வளர்ந்தவர். தாய் வில்லி போஸி உடுப்பு வடிவமைப்பாளர், தையல்காரி. அவர்களுடைய தாய்வழி மூதாட்டி ஒருவர், அடிமையாக இருந்த காலத்தில் எஜமானர் வீட்டுக்குக் குவில்ட் தைத்தவர்.

நியூயோர்க் சிட்டி கொலேஜில் சித்திரம் படிக்கப் போனார் ஃபெயித். அந்தக் காலத்தில் அங்கே பெண்கள் சித்திரத்தை நேரடியாக எடுக்க முடியாது. கல்வித் துறையில் சேர்ந்து சித்திர ஆசிரியையாகப் பயிலலாம், அவ்வளவுதான். சேர்ந்தார். 1955இலிருந்து 1973 வரை, பதினெட்டு வருசம், நியூயோர்க் அரச பாடசாலைகளில் சித்திரம் படிப்பித்தார். பகலில் வகுப்பு, இரவில் கன்வஸ், நடுவில் இரண்டு பெண் பிள்ளைகள். (ஆசிரியர் தொழில் செய்துகொண்டு ஏதாவது எழுதவோ வரையவோ நினைத்தவர்களுக்கு இந்த வசனத்துக்கு விளக்கம் தேவையில்லை.)

1972இல் அம்ஸ்டர்டாமில் உள்ள ரைக்ஸ் அருங்காட்சியகத்துக்குப் போனபோது, திபெத்தியத் தங்கா ஓவியங்களைப் பார்த்தார். துணியில் வர்ணம் தீட்டி, சுற்றிவர வேறு துணியால் கரை தைத்த ஓவியங்கள். மரச்சட்டம் இல்லை, சுருட்டலாம், கக்கத்தில் வைத்துக்கொண்டு போகலாம். கறுப்பினப் பெண்ணின் ஓவியத்தைக் காட்சிக்கு வைக்க நியூயோர்க்கின் கூடங்கள் பெரும்பாலும் தயாரில்லாத காலம். பாரமான கன்வஸைத் தூக்கிக்கொண்டு யாரிடம் போவது? அமெரிக்கா திரும்பியவர் தாயிடம் போனார். மகள் துணியில் வர்ணம் தீட்ட, தாய் அதற்குத் துணிக்கரை தைத்தார். அந்த வரிசையில் 1974இல் செய்த சில, ஆபிரிக்கக் கூபா மக்களின் துணி வடிவங்களை அடியொற்றியவை. முழுக்க முக்கோணமும் சதுரமும். உருவமே கிடையாது. எங்கட பிள்ளைகள் செய்ததற்கு மிகக் கிட்டிய சொந்தம் அவைதான்.

1980இல் ஓவியர்களையும் குவில்ட் தைப்பவர்களையும் சோடி சேர்க்கும் ஒரு திட்டத்துக்கு ஃபெயித்தை அழைத்தார்கள். உங்களோடு சேர்ந்து தைக்கப் போவது யார் என்றால், அவர் தாயைச் சொன்னார். 'ஹார்லெமின் எதிரொலிகள்' என்ற அந்தக் குவில்ட்டில் ஹார்லெம் மக்களின் முகங்களை மகள் வர்ணத்தால் தீட்டினார், துணித்துண்டுகளை இணைத்தது தாய். இரண்டு பெயரும் போட்டார்கள். அதுதான் ஃபெயித்தின் முதல் குவில்ட். அடுத்த வருசம் தாய் இறந்துபோனார்.

அதற்குப் பிறகு அவர் தனியே தைத்தார். தன் வாழ்க்கைக் கதையை எழுதி வைத்திருந்தார், பதிப்பிக்க ஆள் இல்லை. ஆகவே 1983இலிருந்து கதையைக் குவில்ட்டிலேயே எழுதினார். அதைக் காட்சிக்கு வைத்தால் சனம் நின்று வாசிக்கும்தானே! 1988இல் செய்த 'தார் கடற்கரை' அவற்றில் பேர்போனது. கோடை வெக்கையில் தொடர்மாடி வீட்டின் தார் பூசிய கூரையில் குடும்பமே கூடியிருக்க, எட்டு வயதுப் பிள்ளை ஒன்று பாலத்துக்கு மேலால் பறக்கிறாள். மொட்டை மாடியில் படுத்து நட்சத்திரம் எண்ணி வளர்ந்த எங்களுக்கு அது வேறு நாடு என்றே தோன்றாது. அது இன்று நியூயோர்க் குக்கன்ஹைம் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 1991இல் சிறுவர் புத்தகமாகவும் வந்தது. ஃபெயித் 2024 ஏப்ரலில் 93 வயதில் காலமானார்.

இதற்கிடையில் துணிக்கு வர்ணம் இடுவதிலும் ஒரு மாற்றம் நடந்திருந்தது. 1956இல் பிரித்தானியாவின் ஐ.சி.ஐ. கம்பனி, கொதிக்கவைக்காமலே பருத்தி நூலோடு ஒட்டிக்கொள்ளும் சாயத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. சாதாரண தண்ணீரும் வாஷிங் சோடாவும் போதும். சாயம் நூலுக்குள்ளேயே இறங்கிப் பிடிக்கும், துணி முன்போலவே மெதுவாக இருக்கும். எங்கட அக்ரிலிக் அப்படியல்ல, மேலே படலமாக நிற்கும், அதனால்தான் ஊசி முறிந்தது. இந்தச் சாயம் வீட்டுக்கு வந்த பிறகு, குவில்ட் தைப்பவர்கள் கடையில் அச்சடித்து வாற நிறத்துக்குக் காத்திருக்கத் தேவை இல்லாமல் போனது. தங்களுக்கு வேண்டிய நிறத்தைத் தாங்களே தொட்டி வைத்துச் சாயமிட்டார்கள். அப்படிச் செய்த குவில்ட்டுகளைப் பழைய பாணிக் கண்காட்சிகள் ஏற்கவில்லை, ஓவியக் கூடங்களும் ஏற்கவில்லை. ஆகவே நான்சி குரோவ் முதலான சில பெண்கள் 1979இல் ஒஹாயோ மாநிலத்து ஏதென்ஸ் என்ற ஊரில், இடிபடாமல் காப்பாற்றப்பட்ட ஒரு பால்மாட்டுக் கொட்டகையில் தங்கட கண்காட்சியை வைத்தார்கள். 'குவில்ட் நஷனல்' என்று இன்றும் நடக்கிறது.

அலபாமாவில் ஆறு மூன்று பக்கமும் வளைத்து ஓடும் ஒரு சின்ன ஊர் இருக்கிறது. ஜீஸ் பெண்ட் என்று பெயர். பருத்தித் தோட்டத்தில் அடிமைகளாக இருந்தவர்களின் பிள்ளைகள் அதே மண்ணில் வாழ்கிற ஊர். பலருக்கும் குடும்பப் பெயர் பெற்வே. அது அவர்களை வைத்திருந்த தோட்டக்காரனின் பெயர். அந்த ஊரில் மிசூரி பெற்வே என்ற பெண்ணின் கணவர் இறந்துபோனார். அவருடைய வேலை உடுப்புகளை, தேய்ந்த முழங்காலோடு, வெளிறின பையடையாளத்தோடு வெட்டி, 1942இல் ஒரு போர்வை தைத்தார் மிசூரி. அவரை நினைத்துக்கொண்டு அதற்குக் கீழே படுப்பதற்கு. பக்கத்தில் இருந்து உதவிய மகள் ஆர்லோன்சியா பின்னாளில் சொன்னதால்தான் எங்களுக்கு இது தெரியும். படத்தைப் பார்த்தால் துணித்துண்டுகள் நெட்டாகவும் குறுக்காகவும், அவ்வளவுதான். ஆனால் எந்தத் துண்டு எந்த உடுப்பு என்று தெரிந்த பிறகு அதைப் பழையபடி பார்க்க முடியாது.

இந்த ஊரிலிருந்து மாவட்டத் தலைநகருக்கு ஆற்றைக் கடந்து போகப் படகுச் சேவை இருந்தது. 1962இல், கறுப்பின மக்கள் வாக்காளர் பதிவுக்குக் கிளம்பிய நேரத்தில், அந்தச் சேவை நிறுத்தப்பட்டது. திரும்பத் தொடங்கியது 2006இல். துறையடி அடைபட்டால் ஒரு ஊருக்கு என்ன நடக்கும் என்று எங்கட பக்கத்து ஆட்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. 1966இல் அந்தப் பகுதிப் பெண்கள் கூட்டுறவுச் சங்கம் ஒன்று அமைத்துக் குவில்ட் விற்றார்கள். 2002இல் ஜீஸ் பெண்ட் குவில்ட்டுகள் ஹூஸ்டனிலும், பிறகு அதே விட்னியிலும் காட்சிக்கு வந்தன. முப்பத்தொரு வருசத்துக்குப் பிறகு அதே அருங்காட்சியகம். இந்த முறை ஒவ்வொன்றுக்கும் தைத்தவரின் பெயர் இருந்தது. 2006இல் அமெரிக்கத் தபால் திணைக்களம் பத்து முத்திரை வெளியிட்டது. பெயர் வந்தது சரி, காசு? 2007இல் அந்தப் பெண்களில் சிலர், தங்கட வேலையால் வந்த வருமானத்தில் உரிய பங்கு கிடைக்கவில்லை என்று வழக்குப் போட்டார்கள். அடுத்த வருசம் இணக்கமாக முடிந்தது. இந்தப் பகுதியை விட்டுவிட்டு 'ஏழைப் பெண்களைக் கலையுலகம் தூக்கிவிட்டது' என்று எழுதுவதில் எனக்கு உடன்பாடில்லை.

இதெல்லாம் வெள்ளைக்காரன் நாட்டுக் கதை என்று நினைத்தால், கடலுக்கு அந்தப்பக்கம் கர்நாடகத்தைப் பாருங்கள். போர்த்துக்கேயர் ஆபிரிக்காவிலிருந்து கோவாவுக்குக் கொண்டுவந்த அடிமைகளின் வழிவந்த சித்தி மக்கள் அங்கே உத்தர கன்னட மாவட்டத்தில் இருக்கிறார்கள். முஸ்லிம்களும் உண்டு, கிறிஸ்தவர்களும் இந்துக்களும் உண்டு. அவர்கட பெண்கள் பழைய உடுப்புத் துண்டுகளால் 'கவந்தி' தைக்கிறார்கள். ஓரத்தில் தொடங்கி, சுற்றிச் சுற்றி உள்ளே நடுவுக்கு வந்து முடிக்கிற தையல். நான்கு மூலையிலும் முக்கோணத் துணி வைப்பார்கள், அதற்குப் 'பூ' என்று பெயர். பூ வைக்காவிட்டால் கவந்தி உடுப்பில்லாமல் நிற்கிற மாதிரியாம். முஸ்லிம் பெண்கள் தைப்பதில் சிலவேளை பிறையும் வரும்.

எங்கட ஊர்களையே பாருங்களேன். மருதமுனைத் தறியில் கரை போடுகிறவர்கள், பன்னைச் சாயம் போட்டுப் பாய் இழைக்கிற எங்கட பெண்கள், சிவப்புக்குப் பக்கத்தில் பச்சையா ஊதாவா என்று ஒவ்வொரு நாளும் முடிவெடுக்கிறார்கள். பள்ளியில் விரித்த பாயில் தொழுதிருக்கிறோம். அதை இழைத்தது யார் என்று கேட்டிருக்கிறோமா?

நான் கேட்டதில்லை. இன்னும் மோசம், என் வீட்டிலேயே கேட்டதில்லை.

பிள்ளைகளின் வர்ணத்துணிக்கு ஸ்திரிக்கை போட்டேன் என்று மேலே எழுதினேனே. பாடசாலையில் கரண்ட் இல்லாத ஒரு நாள் துணிகளை வீட்டுக்குக் கொண்டுவந்து போட்டேன். எங்கட வீட்டு ஸ்திரிக்கை மேசையில் எப்போதும் ஒரு பழைய தடித்த விரிப்புக் கிடக்கும். நான் பிறந்த காலத்திலிருந்து கிடக்கிறது. அதில் ஸ்திரிக்கை சுட்ட தழும்பு இரண்டு இருக்கிறது, ஒன்று நான் சுட்டது. இந்தக் கதைகளையெல்லாம் வாசித்து முடித்த ஒரு வெள்ளிக்கிழமைதான் அதை முதன்முதலாகத் திருப்பிப் பார்த்தேன். துண்டுத் துணி. நூற்றுக்கு மேல். கடும் நீலத்துக்கு நடுவில் ஒரே ஒரு மஞ்சள் துண்டு, வேணுமென்றே நடுவிலிருந்து விலகி. பிள்ளைகளுக்கு 'நிறச் சமநிலை' என்று நான் கரும்பலகையில் எழுதிப் படிப்பித்தது அப்படியே அங்கே இருந்தது.

"உம்மா, இது யார் தைச்சது?"

"மூத்தம்மாதான். டெயிலர் கடைல வெட்டிப் போடுறத பொறுக்கிட்டு வந்து தைப்பா. ஏன், சுட்டுட்டியா திரும்ப?"

இல்லை என்று சொல்லி, பக்கத்தில் இருத்தினேன். உம்மா விரலை வைத்து வைத்துச் சொன்னா. இது மாமாட சுன்னத்துக் கலியாணத்துக்குத் தைத்த சேட், இது என்ட முதல் பெருநாள் உடுப்பு, இது யார்ட எண்டு தெரியா, இது வாப்பாட சாரன். மஞ்சள் துண்டில் விரல் நின்றது. அது உம்மாவுக்கு மூத்த ஒரு பிள்ளையின் சட்டையாம், ஒன்றரை வயதில் மௌத்தான பிள்ளை. அப்படி ஒரு ராத்தா உம்மாவுக்கு இருந்தது எனக்கு முப்பத்துநாலு வயதில்தான் தெரியவந்தது. ஸ்திரிக்கை மேசையில் கிடந்தது அது.

இப்போது அந்த விரிப்பு மேசையில் இல்லை. கழுவிக் காயவைத்து, பின்பக்க மூலையில் மூத்தம்மாவின் பெயரை நூலால் போட்டிருக்கிறேன். என் தையல் கோணல், மூத்தம்மா பார்த்திருந்தால் பிரித்துத் திரும்பத் தைக்கச் சொல்லியிருப்பா. பாடசாலையில் பதினொரு சதுரமும் சித்திர அறைச் சுவரில் ஏறிவிட்டன. பதினொரு அட்டை, பதினொரு பெயர். தலைப்பு வைக்க விரும்பினவர்கள் வைத்தார்கள். 'மழை வாறதுக்கு முந்தின நேரம்' கதவைத் திறந்ததும் தெரிகிற இடத்தில் இருக்கிறது. அதைத் தைத்தவள் என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. அட்டையைக் கிட்டப் போய் வாசித்துவிட்டு, எழுத்துப் பிழை இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போனாள்.

உங்களிடம் ஓர் உதவி. உங்கட வீட்டிலும் ஏணைக்கு விரித்தது, கதிரைக்குப் போட்டது, மோட்டார் சைக்கிள் மூடுகிறது என்று இப்படி ஒன்று இருக்கலாம். பாயாக இருக்கலாம், ஒட்டுப்போட்ட விரிப்பாக இருக்கலாம், தலையணை உறையாக இருக்கலாம். வீட்டில் வயதானவர்கள் இருக்கும்போதே கேளுங்கள், யார் செய்தது, எந்தத் துணி யாருடையது என்று. படம் எடுத்து, செய்தவரின் பெயரோடு எனக்கு இன்பொக்ஸில் அனுப்புங்கள். அடுத்த தவணை பிள்ளைகளோடு சேர்ந்து ஒரு சுவர் முழுக்க ஒட்டப்போகிறோம், அதிபர் சம்மதித்துவிட்டார். படம் எடுக்கும்போது பின்பக்கத்தையும் மறக்காமல் எடுங்கள்.